யாரை நெனச்சே?

நான் வாக்கப்பட்டுப் போன வீட்டில் பதினெட்டுப் பேர். பழனியில் அடிவாரத்துக்குப் போகிற தெரு ஒன்றில் அந்த வீடு இருந்தது. முன்கட்டில் பஞ்சாமிர்தக் கடை, நடுக்கட்டில் நாங்கள், மாடியில் சாமி கும்பிட வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற நாலு அறை. பதினெட்டு என்பது வீட்டு ஆட்கள் மட்டும்தான். தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று வந்துவிட்டால் மொட்டைத் தலையும் சந்தனமுமாக முற்றத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கிணற்றடியில் வரிசை, கக்கூஸில் வரிசை, முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால்கூட வரிசை. படுத்தால் இந்தப் பக்கம் ஓரகத்தி, அந்தப் பக்கம் நாத்தனார், கால்மாட்டில் பிள்ளைகள். நானும் என் வீட்டுக்காரரும் தனியாக இருக்க வேண்டுமென்றால் மாடியில் ஓர் அறை வாடகைக்குப் போகாமல் இருக்க வேண்டும். எங்கள் குடும்ப வாழ்க்கை முருகனுக்கு வருகிற கூட்டத்தைப் பொறுத்து நடந்தது.

நான் கன்னிவாடிப் பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுப் பெண். சோளக்கொல்லையில் பரண் மேல் உட்கார்ந்து குருவி விரட்டி வளர்ந்தவள். காலையில் ஏறினால் வெயில் சாய்கிற வரைக்கும் ஒரு மனுஷ முகம் தென்படாது. அதற்குத் தனிமை என்று ஒரு பேர் உண்டென்று அப்போது எனக்குத் தெரியாது. கல்யாணமான மூன்றாம் மாதம் எனக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வர ஆரம்பித்தது. பழம் உரிக்கும்போது யாராவது சிரித்தால் எரிச்சல். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் எரிச்சல். எது குறைகிறது என்று யோசிக்கக்கூட ஓர் இடம் இல்லை.

அந்த வீட்டில் ஒருத்தி ஒத்தையில் இருக்க ஒரே வழிதான் இருந்தது. தூரமாக வேண்டும். மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்கு விலக்காகித் தூரத்துக்கு உட்காருகிற பெண்களுக்கென்று மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஓர் அறை இருந்தது. பாதி அறையில் விறகு. மீதியில் ஒரு கோரைப்பாய், ஓர் அலுமினியத் தட்டு, ஒரு செம்பு. பின்பக்கச் சந்துக்குப் போக ஒரு கதவு. தெற்கே பார்த்த சின்ன ஜன்னல், அதில் மலை. பஞ்சாமிர்தம் சாமிக்குப் போகிற பண்டம் என்பதால் எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் மற்ற வீடுகளைவிடக் கடுமை. தூரமானவளின் நிழல் பழம் பிசைகிற அண்டாமேல் விழக்கூடாது. எந்தப் பெண் எந்தத் தேதியில் உள்ளே போனாள், எப்போது தலைக்குக் குளித்தாள் என்று என் மாமியார் மனசுக்குள்ளேயே வைத்திருப்பார். எங்களுக்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது.

மற்றவர்கள் அந்த அறையைச் சிறை என்றார்கள். நான் முதல் தடவை போய் உட்கார்ந்து, சோறு வைத்துவிட்டுப் போனவளின் காலடிச் சத்தம் ஓய்ந்ததும், ஒரு மூச்சு விட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு மூச்சு விட்டதே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் மலை மேல் மேகம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் மனசுக்குள் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வரும். எனக்கு இனிப்பு பிடிக்காது என்பதைக்கூட அங்கேதான் கண்டுபிடித்தேன். பஞ்சாமிர்த வீட்டு மருமகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். செத்துப்போன என் அப்பாமேல் எனக்கு இருந்தது பாசம் என்றுதான் நம்பியிருந்தேன். அது முழுக்கப் பயம் என்று அந்த விறகுக்கு நடுவில்தான் தெரிந்தது. ஒரு நாள் பூரா அதை நினைத்து அழுதேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்காகவே அந்த அறையைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மூன்று நாளை முதலில் நாலாக்கினேன். பிறகு ஐந்து. யாரும் எட்டிப் பார்க்கிற விஷயமில்லை. அந்தத் துணியை அவரவர் துவைத்துக் கொட்டகைக்குப் பின்னால் காயப்போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தைரியம் வந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை என்பது இரண்டாயிற்று. இருபது நாளில், சில சமயம் பதினைந்து நாளில், "அத்தே, நான் தூரம்" என்று சொல்லிவிட்டுப் பாயைத் தட்டிப் போட்டுவிடுவேன். மாமியார் இல்லாத சீக்குக்கு வாழைப்பூவை இடித்துச் சாறு கொடுத்தார். நானும் முகத்தைச் சுளிக்காமல் குடித்தேன். "இப்படிப் போனா வயித்துல எங்க தங்கும்?" என்று அவர் ஓரகத்தியிடம் கவலைப்பட்டது காதில் விழுந்தது. இரண்டு வருஷமாக எனக்குப் பிள்ளை இல்லை.

வீட்டுக்காரருக்குப் பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழை எடுத்து அனுப்புகிற வேலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று அலைவார். பங்குனி உத்திரம் முடிந்ததும் கோடைக்கானலுக்குப் போய், சீசனுக்குப் பஜாரில் ஒரு கடை பிடித்துப் பழ வியாபாரம் பார்ப்பார். போனால் ஆனி வரைக்கும் இறங்க மாட்டார். அதிர்ந்து பேசாத மனுஷர். அவர் வீட்டில் இருக்கிற நாட்களிலும் நான் பொய் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறேன். மாடியில் அறை காலியாக இருந்த நாட்களிலும் போயிருக்கிறேன். முற்றத்தைத் தாண்டும்போது ஒரு தடவை அந்த அறை ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

அந்த வருஷமும் பங்குனிக் கடைசியில் மலை ஏறினார். சித்திரை பிறந்தது. எனக்கு நிஜமாக வர வேண்டிய நாளில் வரவில்லை. எனக்கு எப்போதும் முன்னே பின்னே ஆகும். தவிர, பொய்யாகச் சொன்ன தேதிகளும் நிஜத் தேதிகளும் கலந்து, எனக்கே கணக்குக் குழம்பிப் போயிருந்தது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று இருந்துகொண்டு சித்திரையில் இரண்டு தடவை, வைகாசியில் ஒரு தடவை, வழக்கம்போலப் பொய் சொல்லி உள்ளே போய் உட்கார்ந்தேன். உள்ளே உட்கார்ந்து எதையெதையோ நினைத்தேன். என் வயிற்றை மட்டும் நினைக்கவில்லை. தன்னைத் தானே அறிகிறேன் என்று இருந்தவளின் லட்சணம் இது.

ஆனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். பழம் உரித்துக்கொண்டிருந்தபோது வாடை குடலைப் புரட்டியது. ஓடிப்போய்க் கிணற்றடியில் வாந்தி எடுத்தேன். மறுநாளும் எடுத்தேன். மூன்றாம் நாள் மாமியார் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்துப் பார்த்தார். முதலில் அவர் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். பிறகு விரல் மடக்க ஆரம்பித்தார். மடக்க மடக்க அந்த மலர்ச்சி வடிந்துகொண்டே போனது.

அன்று மத்தியானம் விறகு அறையிலேயே வைத்துக் கேட்டார். ஓரகத்தி வாசலில் நின்றாள்.

"அவன் மலை ஏறுனது பங்குனியில. நீ சித்திரையில ரெண்டு தரம், வைகாசியில ஒரு தரம் தூரமா உக்காந்த. இப்ப இது எப்படி வந்துச்சு?"

"நான் தூரமாகல அத்தே. பொய் சொன்னேன்."

"பொய்யா? எதுக்கு?"

"சும்மா இங்க வந்து உக்காரத்தான்."

"எங்களுக்கெல்லாம் இடுப்பு ஒடியுது, நீ இங்க உக்காந்து என்னடி பண்ணுனே?"

"ஒண்ணும் பண்ணல. நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"யாரை நெனச்சே?"

எங்கள் பேச்சில் நினைப்பு என்றால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். புருஷனை நினைக்கலாம், பிள்ளையை நினைக்கலாம், பொறந்த வீட்டை நினைக்கலாம். ஒரு பெண் ஒத்தையில் உட்கார்ந்து யாரையும் நினைக்காமல் நினைத்துக்கொண்டிருந்தாள் என்றால் அதை வைக்க ஒரு வார்த்தை அங்கே இல்லை. என்னைத்தான் நினைத்தேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அதுவே மேலாக இருந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த தலையையே அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

ஓரகத்தி சந்துக் கதவைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "இது தாழ்ப்பா இல்லாமத்தான கெடக்கு அத்தே" என்றாள். அந்தக் கதவு வழியாக நான் ஒரு நாளும் வெளியே போனதில்லை, யாரும் உள்ளே வந்ததுமில்லை. ஆனால் தாழ்ப்பாள் இல்லாத கதவு எனக்காகச் சாட்சி சொல்லுமா? நான் தேடித் தேடிப் போன தனிமையே எனக்கு எதிராகத் திரும்பி நின்றது. மறுநாள் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள்.

மாமியார் என்னை அடிக்கவில்லை. அடித்தால் மாடியில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும். "இவள அவன்கிட்டயே கொண்டுபோய் விட்டுர்றேன். வச்சுக்கிட்டா வச்சுக்கட்டும், இல்லேன்னா கன்னிவாடிக்கு அனுப்பட்டும்" என்று மட்டும் சொன்னார். அந்தக் காலத்தில் பழனியிலிருந்து மேலே ஏற நேர் பஸ் கிடையாது. வத்தலக்குண்டு போய் அங்கிருந்து மலைப் பஸ் பிடித்தோம். ஒவ்வொரு வளைவிலும் நான் வாந்தி எடுத்தேன். செண்பகனூரில் பஸ் நின்றபோது மாமியார் இறங்கிப் போய் ஒரு டம்ளர் கடுங்காப்பி வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கணக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் பொய்யை எழுதிக் கொடுத்தவள் நான்.

கோடைக்கானலில் என் வீட்டுக்காரருக்கு ஒரு முஸ்லிம் பாயின் கடைக்குப் பின்னால் வாடகை அறை. தூறலில் நனைந்துகொண்டு போய் நின்றோம். மாமியார் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார்.

"புள்ள என்னுதுதான் ஆத்தா. அவ இங்கயே இருக்கட்டும். இதப் பத்தி இனிமே ஊர்ல யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

மாமியார் அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போனார். எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது. என்னை ஒருத்தராவது நம்பினாரே என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே அவரிடம் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். "அந்த ரூம்ல நான் சும்மா உக்காரத்தாங்க..." என்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் கேக்கல. நீ சொல்லவும் வேணாம். சின்னப் பொண்ணு. நான் மாசக்கணக்குல மலையில வந்து கெடந்தா அது என் தப்பும்தான். விட்டுரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் என்னை நம்பவில்லை. மன்னித்திருக்கிறார்.

சீசன் முடிந்தும் அவர் கடையை மூடவில்லை. எனக்காகத்தான். பேரிக்காய், பூண்டு, உருளைக்கிழங்கு என்று எதையெதையோ வாங்கி விற்று அங்கேயே தங்கினார். என்னைத் தாங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நல்ல கம்பளி வாங்கிப் போர்த்திவிட்டார். காலையில் வெந்நீர் அவரே போடுவார். கரி அடுப்பை என் காலடியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போவார். மத்தியானம் ஒரு நடை வந்து சாப்பிட்டாயா என்று பார்த்துவிட்டுப் போவார். பழனியில் இரண்டு வருஷத்தில் நாங்கள் பேசாத பேச்செல்லாம் அந்தச் சின்ன அறையில் பேசினோம். பகல் முழுக்க நான் தனியாக இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக மூட்டம், ஒன்றும் தெரியாது. நான் பொய் சொல்லிச் சம்பாதித்த நாலைந்து நாளுக்குப் பதில் மாதக்கணக்கில் கிடைத்தது. ஆனால் உட்கார்ந்து நினைக்க முடியவில்லை. எதை நினைத்தாலும் அது ஒரே இடத்தில் போய் முட்டியது. செய்யாத தப்புக்கு இவர் என்னை மன்னிக்கிறார், அந்த மன்னிப்பில் நான் சாப்பிடுகிறேன்.

இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் கையைக் காட்டினார். அதற்கு மேல் நான் சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை வயசான பிறகு மழுப்ப வேண்டியதில்லை. அந்த அன்பு எனக்கு ருசியாக இருந்தது. நல்லவளாக இருந்தபோது அவர் என்னிடம் அப்படி இருந்ததில்லை. கெட்டவளாக இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

கார்த்திகையில் பாய் வீட்டம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "எட்டு மாசம் முடிஞ்சிருக்குமே" என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரின் கணக்கு மாமியாரின் கணக்கு. அவர் மாசியில்தான் பிறக்கும் என்று இருந்தார். மார்கழியில் ஒரு நாள் வெள்ளனே எனக்கு வலி எடுத்தது. வெளியே புல்லெல்லாம் உறைபனி. அவர் பதறிய பதற்றம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "ஐயோ கொறமாசம், ஐயோ கொறமாசம், தங்குமா" என்று புலம்பிக்கொண்டே ஒரு வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வேறு ஒருத்தன் பிள்ளை என்று தான் நம்பிய பிள்ளைக்காக அந்த மனுஷர் வழி முழுக்க முருகனைக் கூப்பிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே போனார். என் வீட்டுக்காரர் குரல் எனக்கு உள்ளே கேட்டது.

"புள்ள பொழைக்குமாம்மா? ஏழு மாசம்தான் ஆகுது."

"ஏழு மாசமா? யாருங்க சொன்னது? இது ஃபுல் டெர்ம் பேபிங்க. நகத்தப் பாருங்க, வெரலைத் தாண்டி வளந்து கெடக்கு. கொறமாசப் புள்ளைக்கு இப்படி இருக்காது. நாள் சரியா முடிஞ்சுதான் பொறந்திருக்கு."

வெளியே என் வீட்டுக்காரர் பின்னோக்கி எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் படுத்தபடியே அவரோடு சேர்ந்து எண்ணினேன். மார்கழி, கார்த்திகை, ஐப்பசி என்று இறங்கிப் பங்குனியில் வந்து நின்றேன். அவர் இன்னும் மலை ஏறியிராத பங்குனி. பத்து விரல் நகமும் எனக்காகப் பேசிவிட்டன. அந்த வலியிலும் எனக்கு ஒரு கெக்கலிப்பு வந்தது. இப்போது வந்து என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார். கட்டில் ஓரத்தில் உட்காரவில்லை, நின்றார்.

"அப்ப நீ அன்னிக்குச் சொன்னது நெசமா?"

"நெசந்தாங்க. மூணு தரம் சொன்னேன். நீங்கதான் கேக்கல."

"தூரமாகாமலே தூரம்னு சொல்லி அந்த ரூமுல போய் உக்காந்தே."

"ஆமாங்க."

"நான் வீட்டுல இருந்தப்பயுமா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அத்தனை பொய் சொன்னவளுக்கு அந்த இடத்தில் ஒன்று வரவில்லை. "ஆமா" என்றேன்.

"மாடி காலியா கெடந்தப்பயும்?"

"ஆமாங்க."

அப்புறம்தான் அவர் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் குழந்தையைப் பார்த்தார். பேசும்போது குரல் தாழ்ந்திருந்தது, கோபம் இல்லை.

"எவனோ ஒருத்தன்னு நெனச்சுத்தான் இத்தன நாள் இருந்தேன். அத ஆத்திக்கிட்டேன். நெசமாத்தான் சொல்றேன், ஆத்திட்டேன். இப்ப ஆளே இல்லேங்கிறே. என்கூட இருக்கிறதுக்கு அந்த வெறகே தேவலன்னு போயிருக்கே."

"உங்கள விட்டுப் போகலீங்க. எல்லாத்தையும் விட்டுத்தான் போனேன்."

"அந்த எல்லாத்துலயும் நானும்தான இருந்தேன்."

அது உண்மை. எவ்வளவோ நாள் உட்கார்ந்து என்னென்னவோ கண்டுபிடித்த நான் அதை மட்டும் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மாமியார் விஷயம் கேட்டு ஓடி வந்தார். பேத்தியின் நகத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தப்புக் கணக்குப் போட்டுட்டேன் தாயி" என்றார். தை பிறந்ததும் எங்களை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். ஊர் வாய் அடங்கியது. ஓரகத்தி என் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவில்லை. எல்லாருக்கும் நான் நல்லவளாகிவிட்டேன், ஒருத்தரைத் தவிர.

அவர் என்னிடம் அதற்குப் பிறகு ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பிள்ளைமேல் உயிராக இருந்தார். பின்னாளில் தனி வீடு பார்த்து வந்தோம், அதில் எனக்கென்று ஓர் அறை விட்டார். நான் அங்கே ஒத்தையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால் வாசலோடு நின்று, ஒரு இருமல் இருமிவிட்டுத் திரும்பிப் போவார். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அவரே மொண்டு குடித்துக்கொள்வார். முப்பத்தோரு வருஷம் அப்படி நடந்தது. எத்தனையோ நாள் நான் கூப்பிட்டிருக்கிறேன்: "உள்ள வாங்க, வந்து செத்த நேரம் உக்காருங்க." "நீ இரு, எனக்குச் சோலி கெடக்கு" என்பார். சோலி ஒன்றும் இருக்காது. முற்றத்தில் போய்ச் சும்மா நிற்பார்.